மொரப்பூர் – ஓசூர் சின்ன ரயில்: 1:64-இல் கட்டலாமா, 1:87-க்கு மாறிவிடவா?

பாலக்கோடு போர்டு கடை

வணக்கம். பாலக்கோட்டில் ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர் கட்டிங், கடை போர்டு வேலை செய்கிறேன். மாடல் ரயில் பக்கம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் இரண்டு மாதமாக வேலை அப்படியே நிற்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கட்ட நினைப்பது எங்கள் ஊர் ரயிலை. இப்போது பாலக்கோடு ஸ்டேஷன் வழியாகப் போகிற சேலம் – பெங்களூரு பாதை இல்லை, அதற்கு முன்னால் இருந்த சின்ன ரயில். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் வந்தது. இரண்டரை அடி கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 762 மி.மீ. 1913-இல் ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். பஞ்சம் வந்தால் தானியம் வந்து சேர வேண்டும் என்று போட்ட பாதை. அப்புறம் பஸ் வந்தது, வருமானம் போனது, 1941-இல் மூடிவிட்டார்கள்.

என் தாத்தா 1930-இல் பிறந்தவர். ஏழெட்டு வயதில் அவருடைய அம்மாவோடு அந்த ரயிலில் மொரப்பூர் போய், அங்கே பெரிய ரயில் மாறி ஜோலார்பேட்டைக்குப் போயிருக்கிறார். எதிரெதிர் பலகையில் உட்கார்ந்தால் பெரியவர்களின் முழங்கால் ஒன்றோடொன்று முட்டும், அதனால் பையன்களைக் காலுக்கு நடுவில் நிற்க வைத்துவிடுவார்கள் என்பார். மொரப்பூர் வரும்வரை அவர் பார்த்தது எதிரில் இருந்தவரின் வேட்டியைத்தான்.

தாத்தா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த ரயிலின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருப்பது ஒரே ஒரு பொருள். பழைய வீட்டு மாட்டுத் தொழுவத்தில் உத்தரமாகப் போட்டிருக்கிற தண்டவாளத் துண்டு, ஒன்பது அடி நீளம். பாதையைப் பிரித்தபோது வாங்கிப் போட்டது என்று தாத்தா சொல்வார். ஏணி வைத்து ஏறி, துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வெர்னியர் வைத்தேன். உயரம் 79 மி.மீ. அடித்தட்டின் அகலமும் அதே 79. தலைப் பகுதியின் ஒரு ஓரம் மட்டும் மழுங்கியிருக்கிறது, விரலால் தடவினால் லேசான சரிவு தெரிகிறது. மறு ஓரம் இன்னும் விளிம்பு கட்டி நிற்கிறது. சக்கரம் உரசி உரசித் தேய்ந்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும். ஏணியிலிருந்து இறங்க மனமே வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் என் மகனுடைய குட்டிக் கார் ஒன்று கிடந்தது. அடியில் 1:64 என்று போட்டிருந்தது, அதாவது நிஜத்தில் 64-இல் ஒரு பங்கு. சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 762-ஐ 64-ஆல் வகுத்தால் 11.9 மி.மீ. டிடி (TT, 1:120) அளவு மாடல் ரயில்களுக்கு என்று 12 மி.மீ. தண்டவாளம் ஏற்கெனவே விற்கிறது. 12-ஐ 64-ஆல் பெருக்கினால் 768. நிஜப் பாதைக்கும் இதற்கும் வெறும் 6 மி.மீ. வித்தியாசம். அன்று ராத்திரியே 3 மி.மீ. சன்போர்டில் ஒரு பெட்டி வெட்டினேன். நீளம் 35 அடி என்று வைத்துக்கொண்டேன், மாடலில் 167 மி.மீ. ஜன்னல் முழுக்கக் கத்தியால் வெட்டியது. காரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே ஊரைச் சேர்ந்தவை மாதிரி இருக்கின்றன.

அதற்கு மேல் நகரவில்லை. இந்த அளவில் எஞ்சினோ சக்கரமோ ரெடிமேடாக எனக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக் கடை ஒன்றில் 12 மி.மீ. தண்டவாளம் ஆறு துண்டு ஆர்டர் போட்டேன். பிரித்தால் 16.5 மி.மீ. வந்திருக்கிறது. வரியும் கட்டியாகிவிட்டது. திருப்பி அனுப்பும் செலவு சரக்கு விலையைத் தாண்டுகிறது. பெங்களூரில் இருக்கிற நண்பர் ஒருவர், 'எச்ஓ அளவிலேயே குறும்பாதை இருக்கிறது, 1:87, 9 மி.மீ. தண்டவாளம். அதைவிடச் சின்ன அளவான என்-ஸ்கேல் எஞ்சினின் அடிப்பாகம் அப்படியே உட்காரும். அதற்கு மாறிவிடு' என்கிறார்.

என்னிடம் இருக்கிற இடம் 6 அடிக்கு இரண்டரை அடி பிளைவுட் பலகை. செய்தது ஒரு பெட்டிதான் என்பதால் இப்போதே மாறிவிடலாமா? இல்லை, 1:64-இலேயே இருந்தால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தண்டவாளத்துக்கும் என்ன வழி? அந்தக் காலத்துப் பெட்டிகளின் அளவு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஓசூர் டிடி

அண்ணா, நான் ஓசூர். எட்டு வருடமாக டிடி அளவு சேர்க்கிறேன். வாடகை வீடு, ஹால் சின்னது, அதனால் 1:120 எனக்குத் தோதாக அமைந்தது.

முதலில் 12 மி.மீ. பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டிரையாங் கம்பெனி 1957-இல் டிடி கொண்டுவந்தபோதே 12 மி.மீ. தான். ஆனால் அவர்களுடைய அளவு அடிக்கு 3 மி.மீ., 1:120-ஐ விடப் பெரியது. ஜெர்மனியில்தான் 1:120 நிலைத்தது, இன்றைக்கும் அங்கே டில்லிக் கம்பெனி போடுகிறது. இங்கிலாந்தில் 2021-இல் பெகோ, 2022-இல் ஹார்ன்பி என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் 12 மி.மீ. தண்டவாளத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ஒரு சிக்கல். டிடி தண்டவாளத்துக்கு அடியில் வரும் குறுக்குக் கட்டைகள் 1:120-க்கு ஏற்ற மாதிரி சின்னதாக, நெருக்கமாக இருக்கும். அதன் மேல் உங்கள் 1:64 பெட்டியை வைத்தால், நம் ஊர் ரயில் எங்கோ ஐரோப்பாவின் மெயின் லைனில் நிற்கிற மாதிரி தெரியும். பெகோவும் டில்லிக்கும் எச்ஓ-வில் மீட்டர் கேஜுக்கு என்று வேறு 12 மி.மீ. தண்டவாளம் போடுகிறார்கள். அதில் கட்டை இடைவெளி பரவாயில்லை, விலை கூட. அப்புறம் வரி. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்குப் போனது, 2023-இல் 70 ஆனது. அந்த வருடம் நான் வாங்கியது ஒரே ஒரு சரக்கு வேகன்.

அதனால் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 9 மி.மீ. × 87 என்றால் 783. உங்கள் 768 அளவுக்குக் கச்சிதம் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தப்பாக வந்த 16.5-ஐயும் தூக்கிப் போட வேண்டாம். 1:48 அளவில் இரண்டரை அடி ரயிலுக்கு அமெரிக்காவில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், 1998-இலிருந்து பாக்மன் அதில் ரெடிமேட் எஞ்சினே போடுகிறது. உங்கள் பலகைக்கு 1:48 பெரிதாகிவிடும், 35 அடிப் பெட்டி 22 செ.மீ. வரும், வளைவில் மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எதிர்காலத்தில் இடம் கிடைத்தால் யோசியுங்கள்.

என் ஓட்டு 1:87-க்கு. மூன்று மாதத்தில் ரயில் ஓடும். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் எல்லாவற்றையும் தானே செய்கிறேன் என்று ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார்கள், இரண்டு பேருமே நல்ல கைக்காரர்கள். ரயில் ஓடினால்தான் அடுத்த பெட்டி செய்யத் தோன்றும். எந்த அளவில் செய்தாலும் ஜன்னலை லேசரில் கொடுத்து வெட்டிவிடுங்கள், கை வலி மிச்சம்.

பாலக்கோடு போர்டு கடை

தம்பி, ரொம்ப நன்றி. கட்டை இடைவெளி விஷயம் நான் யோசிக்கவே இல்லை.

லேசர் பற்றி மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன், படிக்கிற வேறு யாராவது செய்துவிடக் கூடாது. சன்போர்டு என்று எங்கள் கடைகளில் விற்பது பி.வி.சி. அதை லேசரில் வைத்தால் அமிலப் புகை வரும். நெஞ்சுக்குக் கெடுதல், மெஷினின் கண்ணாடி கெட்டுவிடும், லேசர் தலை ஓடுகிற கம்பிகளும் துருப்பிடித்துப் போகும். லேசருக்கு அக்ரிலிக், எம்.டி.எஃப்., கெட்டி அட்டை இவைதான். சன்போர்டுக்குக் கத்திதான். புது பிளேடு போட்டு, ஒரே அழுத்தில் இறக்காமல் நான்கைந்து தடவை மெல்ல இழுத்தால் விளிம்பு பிசிறில்லாமல் வரும்.

பழையபேட்டை வரைவாளர்

தம்பி, நான் கிருஷ்ணகிரி பழையபேட்டை. பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். தொழுவத்து உத்தரம் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊருக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, 1905-இல், அதே இரண்டரை அடி. 1936-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமே ஆகிவிட்டது, இன்னும் ஊருக்கு ரயில் இல்லை. இங்கே ஒரு பையனிடம் 'நம் ஊருக்கு முன்னாடி ரயில் வந்தது' என்றால் நம்ப மாட்டான். அதனால்தான் நீங்கள் செய்வதை விட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

1:64-ஐ மாற்ற வேண்டாம். காரணம் கேஜ் கணக்கு மட்டும் இல்லை. நீங்கள் ரெடிமேட் வாங்கி ஓட்டப் போகிறவர் இல்லை, கையால் வெட்டிச் செய்கிறவர். பெட்டியின் வெளிப்பக்கம் பலகை இணைப்பை மூடுகிற இரண்டு அங்குலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1:64-இல் 0.8 மி.மீ. 1:87-இல் 0.6-ஐக்கூடத் தொடாது. முக்கால் மி.மீ. பட்டையை உங்கள் கத்தி வெட்டும், ஸ்டிக்கர் பிளாட்டரும் வெட்டும். அரை மி.மீ. பட்டை உரிக்கும்போதே முறுக்கிக்கொள்ளும். 200 பட்டை ஒட்ட வேண்டிய வேலையில் இது சாதாரண வித்தியாசம் இல்லை.

இந்த அளவுக்கு எஸ் என்று பெயர். அடிக்கு 3/16 அங்குலம். 1946-இல் அமெரிக்காவில் ஏ.சி. கில்பர்ட் கம்பெனி அமெரிக்கன் ஃபிளையர் ரயில்களை இந்த அளவில் கொண்டுவந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் எச்ஓ எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து எஸ் அளவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்கிறவர்கள். 3/16 என்பதால் அங்குல ஸ்கேலே போதும். நான் இருபது வருடமாகப் படம் வரைவது இதில்தான். ஆறடி ஆள் இதில் 28.6 மி.மீ. உயரம்.

பெட்டி அளவு கேட்டீர்கள். உங்கள் பாதையின் பெட்டி வரைபடம் என்னிடம் இல்லை. ஆனால் அதே கேஜில் நான் பயணம் செய்திருக்கிறேன். பங்காருப்பேட்டையிலிருந்து கோலார் வழியாகச் சிக்கபள்ளாப்பூர் பக்கம் போன சின்ன ரயில். எழுபதுகளில் அத்தை வீட்டுக்கு அதில்தான் போவோம். பெட்டிக்குள் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பேன், இரு பக்கமும் ஒரு சாண்கூட மிஞ்சாது. அதனால் வெளி அகலம் ஏழு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், மாடலில் 33 மி.மீ. வண்டி ஆடுவதும் மற்ற ரயில் மாதிரி இருக்காது. ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறம் மறுபக்கம் சாயும்.

நீளவாக்கு அளவை உங்கள் தாத்தாவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், கவனித்தீர்களா? எதிரெதிரே உட்கார்ந்தவர்களின் முழங்கால் முட்டியது என்றால், ஒரு பலகையின் முதுகிலிருந்து எதிர்ப் பலகையின் முதுகுக்கு நான்கரை அடிக்கு மேல் இருந்திருக்காது. ஐந்து அடி இருந்தால் முட்டாது, நான்கு அடி என்றால் உட்காரவே முடியாது. நான்கரை அடி மாடலில் 21.4 மி.மீ. 35 அடியில் அப்படி ஏழு பிரிவு போட்டால் முப்பத்தொன்றரை அடி. மிச்சம் மூன்றரை அடியை இரண்டு முனையிலும் ஏறி இறங்கும் மேடைக்குக் கொடுங்கள். ஜன்னல்களை இந்த 21.4-க்குள் பிரியுங்கள். இப்போது நீங்கள் வெட்டியிருக்கிற ஜன்னல்கள் எந்தக் கணக்கில் என்று தெரியவில்லை, பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள்.

இரும்புச் சட்டத்தில் ரிவிட் தெரிய வேண்டும் என்றால், தையல்காரர் துணியில் கோடு போட வைத்திருக்கும் பல் சக்கரம் வாங்குங்கள். பழைய விசிட்டிங் கார்டைக் கவிழ்த்து ரப்பர் ஷீட்டின் மேல் வைத்து ஸ்கேல் பிடித்து ஒரே ஓட்டாக உருட்டினால் மறுபக்கம் ரிவிட் வரிசை எழும்பி நிற்கும். திரும்ப உருட்டக் கூடாது, இரட்டைப் புள்ளி விழும்.

தண்டவாளம்: 79 மி.மீ. உயரமும் அதே அகலமும் என்றால் அது கெஜத்துக்கு 30 பவுண்டு எடை வகை, சிறு ரயில்களுக்குப் போடுவது. 64-ஆல் வகுத்தால் 1.23 மி.மீ. கடையில் தண்டவாள உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள், கோட் (code) 55 என்றால் 1.4 மி.மீ. அதை வாங்குங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். கட்டை ஒட்டாத வெறும் தண்டவாளமாகவே வாங்கலாம், கட்டையை நீங்கள் செய்துகொள்வீர்கள். ஐந்து அடிக் கட்டை 24 மி.மீ. நீளம், எட்டு அங்குல அகலம் 3.2 மி.மீ. குச்சி ஐஸ் குச்சியின் கனமே சரியாக இருக்கும், நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் போதும்.

சிப்காட் லேத்

அண்ணா, சக்கரத்துக்கு நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எச்ஓ அளவுக்கு எனக்கே 40 ஜோடி சக்கரம் கடைந்திருக்கிறேன். 12 மி.மீ. கேஜுக்கு ஒரு சக்கரத்தின் உள்பக்கத்திலிருந்து மறு சக்கரத்தின் உள்பக்கம் 10.2 மி.மீ. வைக்க வேண்டும். இரண்டடி சக்கரம் என்றால் விட்டம் 9.5. பித்தளையில் கடைந்து தருகிறேன். ஒரு சக்கரத்துக்கு நடுவில் டெல்ரின் (மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக்) புஷ் போட்டுத்தான் அச்சில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டு தண்டவாளமும் அச்சு வழியாக ஷார்ட் ஆகிவிடும். உருளும் பரப்பை நேராகக் கடையக் கூடாது, லேசாகச் சரித்துக் கடைய வேண்டும். நீங்கள் தொழுவத்தில் தடவிப் பார்த்தது போன்ற தேய்மானம் சக்கரத்திலும் இருக்கும், ஆனால் புதுச் சக்கரத்துக்கே அந்தச் சரிவு உண்டு. வளைவில் வண்டி தானாகத் திரும்புவது அதனால்தான்.

எஞ்சினைப் பற்றி என் யோசனை வேறு. எஞ்சினின் படம் கையில் இல்லாமல் எஞ்சின் செய்ய வேண்டாம். கற்பனையில் செய்துவிட்டு நாளைக்கு போட்டோ கிடைத்தால் மனசு உறுத்தும். முதலில் ஒரு மூடிய சரக்குப் பெட்டி செய்யுங்கள், மோட்டாரை அதற்குள் வையுங்கள். ரோபோ செய்கிற பிள்ளைகள் வாங்கும் என்-20 கியர் மோட்டார் 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம்தான். 33 மி.மீ. பெட்டிக்குள் தாராளமாக உட்காரும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

வேகம் கணக்குப் போட்டேன். நிஜத்தில் மணிக்கு 24 கிலோமீட்டர் என்று வைத்தால் மாடலில் நொடிக்கு 10.4 செ.மீ. 9.5 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 29.8 மி.மீ. நிமிடத்துக்கு 209 சுற்று வருகிறது. அதே மோட்டாரில் 12 வோல்ட்டுக்கு 200 சுற்று என்று ஒரு வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். 500, 1000 எல்லாம் எடுத்தால் சின்ன ரயில் ஜெட் மாதிரி பறக்கும். மோட்டாரை நீளவாக்கில் படுக்க வைத்து, அச்சுக்கு ஒன்றுக்கு ஒன்று பெவல் கியர் (சுழற்சியைக் குறுக்கே திருப்பிவிடும் கியர்) போட்டால் போதும். பெட்டிக்குள் காலி இடத்தில் ஈயத் துண்டு வைத்து எடை கூட்டுங்கள், பிடிப்பு அதில்தான் இருக்கிறது.

கட்டை போடும்போது எல்லாமே குச்சி ஐஸ் குச்சியாகப் போடாதீர்கள். ஐந்துக்கு ஒன்று செம்புத் தகடு ஒட்டிய பி.சி.பி. போர்டில் வெட்டிய துண்டாக இருக்கட்டும். தண்டவாளத்தை அதில் சாலிடர் வைத்துவிடலாம். நடுவில் ரம்பத்தால் ஒரு கீறு போட்டுச் செம்பைப் பிரித்துவிடுங்கள். என் முதல் பாதையில் ஒரே ஒரு துண்டில் அந்தக் கீறு செம்பு முழுவதையும் வெட்டவில்லை, எது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இப்போது ஒவ்வொரு துண்டையும் சாலிடருக்கு முன்பே மீட்டரில் பார்த்துவிடுகிறேன்.

கேஜ் பிடிக்கப் பித்தளை உருளை இரண்டு கடைந்து வைக்கிறேன். நேர்பாதைக்கு 12, வளைவுக்கு 12.2. உங்கள் பலகையில் வளைவு ஆரம் 35 செ.மீ. வரைக்கும் போகலாம், அதற்கு மேல் ஓரம் இடிக்கும்.

பர்கூர் கல்

ஜல்லி பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் ஒரு வரி. நிஜத்தில் 40 மி.மீ. ஜல்லி என்றால் இந்த அளவில் 0.6 மி.மீ. கிரஷர் தூளை வாங்கி டீ வடிகட்டியில் சலித்தால் நடுவில் நிற்பது சரியாக இருக்கும், மாவு மாதிரி கீழே விழுவதை எடுக்காதீர்கள். கிரானைட் அறுக்கும் இடத்துக் கழிவு மட்டும் வேண்டவே வேண்டாம். அறுப்புக்குப் போடும் இரும்புக் குருணை அதில் கலந்திருக்கும், மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும். எதை எடுத்தாலும் ஒரு தாளில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே ஒரு தரம் ஓட்டிவிடுங்கள். பாலக்கோட்டுப் பக்கம் செம்மண் என்பதால் ஓரத்துக்கு உங்கள் ஊர் மண்ணையே சலித்துப் போடலாம், வாணலியில் வறுத்துவிட்டு.

பாலக்கோடு போர்டு கடை

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கடையில் திருவிழா பேனர் வேலை, அதனால் உடனே எழுத முடியவில்லை.

1:64-இலேயே இருக்கிறேன். ஓசூர் தம்பி சொன்னது என் நன்மைக்குத்தான் என்று தெரியும், மூன்று மாதத்தில் ஓடும் என்பதும் உண்மை. ஆனால் வரைவாளர் ஐயா எழுதிய அந்த நான்கரை அடியைப் படித்த பிறகு வேறு அளவுக்குப் போக முடியவில்லை. தாத்தா எத்தனையோ தடவை சொன்ன விஷயம். அதில் ஓர் அளவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஐயா.

நேற்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதல் பெட்டியில் ஜன்னலை 24 மி.மீ. இடைவெளியில் வெட்டியிருக்கிறேன், பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று போட்டது. அதை அலமாரியில் வைத்துவிட்டேன். புதிதாக ஒரு பிரிவு மட்டும் வெட்டினேன், இரண்டு பலகை, முதுகிலிருந்து முதுகுக்கு 21.4. உட்காருகிற பலகைக்கு ஒன்றரை அடி உயரம், 7.1 மி.மீ. அப்புறம் விசிட்டிங் கார்டில் உட்கார்ந்த மாதிரி இரண்டு ஆட்களை வெட்டி எதிரெதிரே வைத்தேன். முழங்கால் முட்டுகிறது. முட்டி, ஒருவர் கால் கொஞ்சம் பக்கவாட்டில் போனால்தான் இருவரும் நேராக உட்கார முடிகிறது. மகன் தூங்கப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனே ஒரு சின்னப் பையனை வெட்டிக் கொடுத்தான், 18 மி.மீ. உயரம். நடுவில் நிற்க வைத்தோம். பையனின் தலை ஜன்னலுக்கு வந்துவிடுகிறது, ஆனால் எதிரில் இருக்கிறவர்கள் மறைத்துக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. தாத்தா சொன்னது சரிதான்.

தையல் பல் சக்கரம் பக்கத்து டெய்லர் அக்காவிடம் வாங்கிப் பார்த்தேன். ஐயா சொன்ன மாதிரி ரப்பர் ஷீட் மேல் உருட்டினால் புள்ளி அருமையாக எழும்புகிறது. ஆனால் அவர் சக்கரத்தில் பல் கொஞ்சம் அகலம், ரிவிட்டுக்கு ரிவிட் 3 மி.மீ. வருகிறது. நிஜத்தில் கிட்டத்தட்ட 19 செ.மீ. இடைவெளி ஆகிவிடும். தர்மபுரியில் தையல் சாமான் கடையில் இன்னும் நெருக்கமான பல் கிடைக்குமா என்று வெள்ளிக்கிழமை பார்க்கிறேன்.

லேத் தம்பி, எஞ்சின் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். படம் கிடைக்கும்வரை சரக்குப் பெட்டியே தள்ளட்டும். எட்டுச் சக்கரப் பெட்டி இரண்டு, நாலு சக்கர சரக்குப் பெட்டி மூன்று. மொத்தம் 28 சக்கரம், 14 அச்சு. உடைந்தால் இருக்கட்டும் என்று 16 அச்சாகக் கடைந்து வையுங்கள். மோட்டார் வாங்க எஸ்.பி. ரோட்டுக்கு ஆள் போகிறது, 200 சுற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஞாயிறு காலை ஓசூர் வருகிறேன், உங்களுக்குச் சௌகரியமா என்று ஒரு வரி போடுங்கள். தொழுவத்துத் தண்டவாளத்தின் குறுக்கு வெட்டு வடிவத்தைக் காகிதத்தில் பென்சிலால் தடம் எடுத்திருக்கிறேன். அதையும் பெட்டியையும் எடுத்து வருகிறேன், சக்கரத்தின் விளிம்பு எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அதை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.